பேனல் நிழலில் பீன்ஸ் வரிசை

எங்கள் பழைய சைட் ஆட்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. பேரப்பிள்ளையின் பிறந்தநாள் கேக், யாருக்காவது ஆபரேஷன் என்றால் ஆஸ்பத்திரிக் கட்டில், கல்லறைத் திருநாள் மெழுகுவத்தி, இவைதான் அதில் வரும். போன வாரம், சைட்டில் என்னோடு வேலை பார்த்த பாஷா ஒரு போட்டோ போட்டான். உயரமான தூண்கள், மேலே சோலார் பேனல், அடியில் பச்சைப் பசேலென்று அவரைக்கொடி. தூணிலிருந்து தூணுக்கு இழுத்துக் கட்டிய கம்பியில் கொடி ஏறியிருந்தது. எந்த ஊர் விவசாயியோ, சிரித்துக்கொண்டு நின்றார். கீழே எல்லோரும் கைதட்டியிருந்தார்கள். பாஷா மட்டும் எழுதியிருந்தான்: "ஆண்டனி அண்ணா, கம்பிய பாத்தீங்களா?"

பார்த்தேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் அந்தக் குரூப்பில் இருக்கிறார்கள். "என்ன சார் கம்பி? என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள். போனில் தட்டிச் சொல்லக்கூடிய விஷயமில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் பிறந்தது கோலார் தங்கவயலில். அப்பா சுரங்கத் தொழிலாளி. சுரங்கம் நலிய ஆரம்பித்ததுமே எங்கள் லைன் வீடுகளில் பாதிப் பேர் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்கு வந்தோம். பீன்யாவில் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் வெல்டராகச் சேர்ந்தேன். கேட், ஷட்டர், மொபைல் டவர் என்று போய்க் கடைசியில் சோலார் ஸ்ட்ரக்சர். கல்யாணம் ஆனது, லிங்கராஜபுரத்துக்குக் குடிவந்தது, ஷாப்பை விட்டு சைட்டுக்கு ஃபோர்மேனாகப் போனது, இதெல்லாம் எல்லார் வாழ்க்கையிலும் நடப்பதுதான். வெல்டிங் பொறியோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவன் நான். கரண்ட் என்றால் எனக்குப் பயம் கிடையாது. அதாவது ஷைலஜா மேடத்தைப் பார்க்கும்வரை.

சாதாரணமாக சோலார் பேனலை இடுப்பு உயரத்தில்தான் வைப்பார்கள். கீழே புல்தான் முளைக்கும். ஹொசகோட்டையைத் தாண்டி எங்கள் கம்பெனி எடுத்த வேலை வேறு மாதிரி. நிலத்தில் விவசாயி உழுதுகொண்டே இருப்பார், அவர் தலைக்கு மேலே நாங்கள் மின்சாரம் எடுப்போம். அதற்காகத் தூணை இரண்டு ஆள் உயரத்துக்கு ஏற்றினோம். உழவு ஓட்டும் பவர் டில்லர் திரும்பும் அகலத்துக்குத் தூண்களைத் தள்ளித் தள்ளி நட்டோம். பயிருக்கு வெயில் இறங்க வேண்டுமென்று பேனல்களுக்கு நடுவே சந்து விட்டோம். மழைத்தண்ணீர் பேனல் விளிம்பிலிருந்து ஒரே கோடாக விழுந்து மண்ணைத் தோண்டிவிடும் என்று அடியில் வாய்க்கால் எடுத்தோம். எல்லாத் தூண்களையும் ஒரு இரும்புப் பட்டையால் இணைத்து பூமிக்குள் இறக்கினோம். அதை எர்த் பட்டை என்போம். எங்காவது மின்சாரம் கசிந்தால் மனுஷன் மேல் ஏறாமல் மண்ணுக்குள் போக அதுதான் வழி.

ஷைலஜா மேடம் அந்த சைட்டின் பொறுப்பு இன்ஜினியர். தும்கூர்க்காரர். ஒல்லியான உருவம், நரைத்த தலைமுடியை இறுக்கிக் கட்டியிருப்பார். தமிழ் பேசுவார், கன்னடம் கலந்து. என்னை "ஆண்டனியவரே" என்றுதான் கூப்பிடுவார். யாரிடமும் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. முதல் நாளே எங்களை ஷெட்டுக்கு வெளியே நிற்க வைத்தார். ஒரு வரிசை பேனலை ஹீட்டரோடு இணைத்து, கையுறை மாட்டி, முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு போட்டுக்கொண்டு, மின்சாரம் ஓடும்போதே கனெக்டரைக் கொஞ்சமாகப் பிரித்துக் காட்டினார். வீட்டு பிளக்கைப் பிடுங்கினால் வரும் பொறி துள்ளி அணைந்துவிடும். இது அணையவில்லை. நாக்கு மாதிரி நீண்டு, சீறிக்கொண்டு அப்படியே நின்றது. மேடம் தள்ளிப் போய்ப் பேனல்மேல் கறுப்புத் துணியைப் போட்ட பிறகுதான் செத்தது.

"இது சூரியனோட கரண்ட். மெஷின நிறுத்தலாம், பிரேக்கர இறக்கலாம். பேனல் மேல வெளிச்சம் இருக்கற வரைக்கும் பேனலுக்குள்ள கரண்ட் இருக்கும். அதுக்கு சுவிட்ச் இல்ல," என்றார். பிறகு ரொம்ப சாதாரணமாக, "எனக்கு பயம்தான். தினம் பயம்தான்," என்றார்.

ஒரு இன்ஜினியர் வாயால் அப்படி நான் கேட்டதே இல்லை. பாஷா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

அவர் வரப்பில் நடக்கும்போது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொள்வார். எந்தத் தூணிலும் சாயமாட்டார். காலையில் யாரும் பேனலுக்கடியில் போவதற்கு முன், ஒரு இரும்புக் கம்பியை ஈரமண்ணில் குத்தி, மீட்டரின் ஒரு முனையை அதிலும் இன்னொரு முனையைத் தூணிலும் வைத்துப் பார்ப்பார். ஒரு தூணைப் பார்த்துவிட்டு, "இன்னொந்து சலா," என்பார். இன்னொரு தடவை. திரும்பவும் வைப்பார். ஒவ்வொரு வரிசையிலும் இப்படி. எங்களுக்கு எரிச்சலாக இருக்கும். அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் நான் அதைச் செய்ய வேண்டும். செய்யும்போது எனக்கும் அந்தச் சொல் வாயில் வந்துவிடும்.

அந்தக் கோடையில் ஒரு மத்தியானம் ஆலங்கட்டியோடு காற்று அடித்தது. போல்ட் முழுசாக முறுக்காத ஒரு வரிசை, பாய்மரம் மாதிரி காற்றைப் பிடித்துக்கொண்டு எழும்பி எங்கள் தலைக்கு மேலே திரும்பி விழுந்தது. வாய்க்காலில் குப்புறப் படுத்துக்கிடந்தோம். என் முதுகில் கண்ணாடித் தூள் கொட்டியது. எழுந்ததும் உடைந்த பேனலைத் தூக்கப் போனேன். மேடம், "முட்டபேடி," என்றார். தொடாதீர்கள். உடைந்து கிடந்ததில் மீட்டரை வைத்துக் காட்டினார். முள் போய் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு நான் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். நொறுங்கிக் கிடந்தும் அது வேலை செய்துகொண்டிருந்தது. பாஷா அதற்கப்புறம் சிரிக்கவில்லை.

இனி நாராயணப்பா நிலத்து விஷயம்.

நாராயணப்பாவும் அவர் மனைவி மஞ்சுளாவும்தான் அந்த நிலத்தில் பாடுபட்டவர்கள். ராகி போட்டுப் பார்த்தார்கள், சுமாராக வந்தது. பீன்ஸ் போட்டார்கள். அந்தப் பக்கம் எல்லா நிலத்திலும் பூ கருகி உதிர்ந்த மே மாதத்தில், பேனல் நிழலில் இவர்களுடைய கொடி மட்டும் கொத்துக் கொத்தாகக் காய்த்தது. கொடி ஏறத் தென்னங்கயிறு கட்டச் சொல்லியிருந்தோம். ஈரத்தில் கயிறு இற்று, காய்ப்பு நேரத்தில் பந்தலே படுத்துவிட்டது. அடுத்த போகத்துக்கு நாராயணப்பா ஜி.ஐ. இரும்புக் கம்பி வாங்கித் தூணுக்குத் தூண் இழுத்துக் கட்டிவிட்டார். நாங்கள் அப்போது வேறு சைட்டில் இருந்தோம். பராமரிப்புக்கு எப்போதாவது வருவோம், அவ்வளவுதான்.

இரண்டு நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் காலை பளீரென்று வெயில். அந்த நிலத்து இன்வெர்ட்டர், அதாவது பேனல் மின்சாரத்தை ஊர் லைனுக்கு மாற்றும் மெஷின், கசிவு என்று காட்டித் தானே நின்றுவிட்டதாக ஆபீசுக்கு மெசேஜ் வந்தது. மேடம், நான், பாஷா மூவரும் ஜீப்பில் கிளம்பினோம். வழியிலேயே மேடம் நாராயணப்பாவுக்கு போன் போட்டார். எடுக்கவில்லை. திரும்பப் போட்டார். கே.ஆர்.புரம் டிராஃபிக்கில் நிற்கும்போது மறுபடியும் போட்டார். அவர் கட்டைவிரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

நிலத்தில் நடந்தது இதுதான். மெஷின் ஷெட்டில் விளக்கு அணைந்திருப்பதை நாராயணப்பா பார்த்திருக்கிறார். "மெஷின் ஆஃப் ஆகிடுச்சு, கரண்ட் இல்ல" என்று நினைத்திருக்கிறார். யாராயிருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். மார்க்கெட் வண்டி வருவதற்குள் காய் பறித்துவிடலாம் என்று மஞ்சுளாவும் பக்கத்து நிலத்து ரத்னம்மாவும் வெறுங்காலோடு சேற்றில் இறங்கியிருக்கிறார்கள்.

நாங்கள் ஜீப்பை நிறுத்தியபோது ஒரு அலறல் கேட்டது. ஒன்றுதான். அப்புறம் சத்தமே இல்லை.

பீன்ஸ் வரிசையின் நடுவில் மஞ்சுளா மல்லாக்க விழுந்து கிடந்தாள். இரண்டு பக்கமும் நெஞ்சு உயரத்தில் கம்பி, கம்பி முழுக்கக் கொடி. அடுத்த வரிசையில் ரத்னம்மா கூடையைப் பிடித்தபடி சிலை மாதிரி நின்றாள். நாராயணப்பா வரப்பிலிருந்து கத்திக்கொண்டே வரிசைக்குள் ஓடப் போனார்.

நான் பாய்ந்து அவர் இடுப்பைப் பிடித்தேன். என்னைவிடப் பலசாலி. முழங்கையால் என் வாயில் இடித்தார், ரத்தம் வந்தது. விடவில்லை. தன் பெண்டாட்டி கண்ணெதிரே கிடக்கும்போது ஒரு மனுஷனை இழுத்துப் பிடித்து வைப்பது எவ்வளவு பாவமான வேலை என்று செய்தவனுக்குத்தான் தெரியும்.

மேடம் ஓடவில்லை. வரப்பு முனையில் நின்று, கம்பியை மண்ணில் குத்தி, மீட்டரை முதல் தூணில் வைத்தார். பார்த்தார். தூணில் கரண்ட் இருந்தது. ஆனால் அவர் குரல் மாறவில்லை.

"நில்லி. யாரூ கம்பி முட்டபேடி. ரத்னம்மா, நீங்க நின்ன இடத்துலயே நில்லுங்க. கூடைய கீழ போடாதீங்க, நெஞ்சோட அணைச்சு வெச்சுக்கோங்க. மஞ்சுளா, கேக்குதா?"

கீழேயிருந்து ஒரு முனகல். உயிர் இருக்கிறது. அடுத்த நொடியே மஞ்சுளா எழுந்திருக்கப் பார்த்தாள். எழுந்திருக்கப் பிடிமானம் தேடி அவள் கை மேலே, கம்பிப் பக்கம் வந்தது.

"ஏளபேடா! மஞ்சுளா, ஏளபேடா!" நாராயணப்பா என் பிடிக்குள்ளிருந்து கதறினார். எழுந்திருக்காதே என்று. கை கொஞ்சம் தயங்கிக் கீழே இறங்கியது.

"மெஷின் நின்னுதானே இருக்கு? ஆஃப் பண்ணுங்க மேடம், ஆஃப் பண்ணுங்க!" என்று என்னைப் பார்த்தும் மேடத்தைப் பார்த்தும் கெஞ்சினார். மெஷின் நின்றாலும் பேனல் நிற்காது. தலைக்கு மேலே வானம் கழுவி விட்ட மாதிரி இருந்தது. ஒரு மேகம் இல்லை. சாயங்காலம்வரை காத்திருந்தால் தானாக அடங்கும். ரத்னம்மா ஒருவேளை அதுவரை நிற்பாள். மஞ்சுளா நிச்சயம் தாங்கமாட்டாள்.

மேடம் என்னிடம் வந்தார். "ஆண்டனியவரே, நானும் பாஷாவும் மேல பேனல மூடப் பாக்கறோம். நீங்க மஞ்சுளா கிட்ட போகணும். அவங்க திரும்ப எழுந்திருக்கப் பாப்பாங்க. முடியுமா?"

முடியும் என்று நான் சொன்னதாக பாஷா சொல்கிறான். எனக்கு ஞாபகமில்லை.

வரப்பில் காய் நிரப்பும் பிளாஸ்டிக் கிரேட்டுகள் அடுக்கியிருந்தன. பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது. அவற்றைக் கவிழ்த்துப் போட்டு, மண்ணை மிதிக்காமல் ஒன்றின் மேலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டும். பின்னாலிருந்து கிரேட் எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். மேடம் நாராயணப்பாவின் கையில் ரப்பர் கையுறையைக் கொடுத்தார்.

"நீங்க கொடுங்க. அவரு வெப்பாரு. கம்பி பக்கம் சாய்ஞ்சீங்கன்னா ரெண்டு பேரும் போயிடுவீங்க. மஞ்சுளாவும் போயிடுவாங்க. புரியுதா?"

அவர் தலையாட்டினார். கொஞ்ச நேரம் முன்பு என் வாயைக் கிழித்தவர், இப்போது என் முதுகுக்குப் பின்னால் வரப்போகிறார்.

கவிழ்த்த கிரேட்டில் ஏறினால் ஆள் உயரம் கூடிவிடும். நெஞ்சு உயரத்தில் இருந்த கம்பி இடுப்புக்கு வந்தது. இரண்டு பக்கமும் ஒரு முழம் இடைவெளி. கொடியின் நுனிகள் என் சட்டையைத் தொட்டுத் தொட்டு விலகின. ஈரக்கொடி. அதுவும் கடத்துமா கடத்தாதா என்று யோசிக்கவே பயந்தேன். கையுறை மாட்டிய கைகளை மடக்கி நெஞ்சில் வைத்துக்கொண்டு குந்தினேன். நாராயணப்பா கிரேட்டை நீட்டினார். வாங்கினேன், முன்னால் வைத்தேன், சேற்றில் ஆடாமல் அழுத்தினேன், தாண்டினேன். அடுத்தது. காற்று அடித்தால் கம்பி ஆடியது. அப்போதெல்லாம் அசையாமல் இருந்தேன். முதுகுக்குப் பின்னால் அவர் மூச்சு கேட்டது. அழுதுகொண்டிருந்தார். ஆனால் கிரேட் ஒவ்வொன்றும் நேராக, நிதானமாக என் கைக்கு வந்தது.

நடுவில் ஒரு கிரேட் சேற்றில் சாய்ந்தது. என் உடம்பு வலது பக்கம் சரிந்தது. பின்னாலிருந்து அவர் என் பெல்ட்டைக் கெட்டியாகப் பிடித்து நிறுத்தினார். கம்பிக்கும் என் தோளுக்கும் நடுவே ஒரு இலை மட்டும் இருந்தது. அந்த இலையில் பூச்சி அரித்த ஓட்டைகூட இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

மஞ்சுளாவிடம் போய்ச் சேர்ந்தோம். வலது உள்ளங்கையில் கம்பித் தடம் கறுப்பாகப் பதிந்திருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. அவள் கை மறுபடி மேலே எழும்பியது. கையுறை போட்ட கையால் அதைப் பிடித்துக் கீழே அழுத்தினேன். நாராயணப்பா அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. இருவருமாக அவளை மெல்ல உருட்டிக் கிரேட்டுகளின் மேல் படுக்க வைத்தோம். தூக்கிக்கொண்டு திரும்ப முடியாது. அந்தச் சந்தில் ஒரு ஆளைச் சுமந்தால் நிச்சயம் கம்பியில் படும். அப்படியே குந்திக்கொண்டு காத்திருப்பது தவிர வழியில்லை.

மேலே என்ன நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. நிலத்து ஓரத்தில் எல்லா வரிசைக் கேபிள்களும் வந்து சேரும் பெட்டியை மேடம் திறந்திருக்கிறார். மெஷின் நின்றிருக்கும்போது எந்தக் கேபிளிலும் மின்சாரம் ஓடக்கூடாது. ஒன்றில் ஓடியது. அந்த வரிசையைப் பிடித்துவிட்டார். அதன் ஒரு கேபிள் மேலே இரும்பு விளிம்பில் உரசி உரசித் தோல் கிழிந்து ஸ்ட்ரக்சரைத் தொட்டுக்கொண்டிருந்தது. இன்னொரு முனைக் கனெக்டர் கழன்று வாய்க்கால் தண்ணீரில் கிடந்தது. காப்பாற்ற வேண்டிய எர்த் பட்டையைப் பவர் டில்லர் எப்போதோ அறுத்துவிட்டிருந்தது. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த காலை அது.

எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் சத்தம்தான். ஃபைபர் ஏணி இழுபடும் சத்தம். பாஷா "கீஞ்சோ, கீஞ்சோ!" என்று உருதுவில் இழு, இழு என்று கத்துவது. தார்ப்பாய் காற்றில் படபடப்பது. ஒரு தடவை தார்ப்பாய் பறந்து வெயில் மறுபடி எங்கள் மேல் விழுந்தது. மஞ்சுளாவின் முகத்தில் அந்த வெளிச்சத்தைப் பார்த்தபோது நான் சூரியனை வெறுத்தேன். அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு எண்ணம் எனக்கு வந்ததில்லை. "மரியே, மாதாவே" என்று சொல்லத் தொடங்கி, மீதி ஜெபம் மறந்துபோய், அந்த இரண்டு சொல்லையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

பிறகு எங்கள் மேல் நிழல் விழுந்து அப்படியே நின்றது. கொஞ்சம் கழித்து வரப்பு முனையிலிருந்து மேடத்தின் குரல்.

"கனெக்டர் பிரிச்சாச்சு. வர்றேன். இன்னும் முட்டபேடி."

தூண் தூணாக மீட்டரை வைத்துக்கொண்டே வந்தார். கம்பியில் வைத்தார். "இன்னொந்து சலா," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பவும் வைத்தார். "ஆயித்து, முடிஞ்சது. ஆண்டனியவரே, கம்பிய வெட்டுங்க."

கட்டர் என் இடுப்பில்தான் இருந்தது. எடுத்தேன். கம்பிக்கு அருகே கொண்டுபோனேன். கை போகவில்லை. மீட்டர் சொல்கிறது, மேடம் சொல்கிறார், கை கேட்கவில்லை. மேடம் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. தன் கையுறையைக் கழற்றி, வெறும் விரல்களால் அந்தக் கம்பியைப் பிடித்தார். பிடித்தபடியே நின்றார்.

நான் வெட்டினேன்.

மஞ்சுளா பிழைத்தாள். தூண்களின் கான்கிரீட் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்ததால்தான் அவள் மேல் முழு வேகத்தில் ஏறவில்லை என்று மேடம் சொன்னார். உள்ளங்கையில் ஒட்டுத்தோல் வைத்தார்கள். இரண்டு விரல் மடங்குவதில்லை. ரத்னம்மா அன்று வெளியே வந்து கூடையை இறக்கி வைத்துவிட்டு, தன் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் நிலத்துப் பக்கமே வரவில்லையாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து மஞ்சுளா வீடு திரும்பிய பிறகு, பேனலைக் கழற்றிவிடலாமா என்று கேட்கக் கம்பெனிக்காரர்கள் போனார்கள். மேடமும் நானும் கூடப் போனோம். நாராயணப்பா கழற்றச் சொன்னார். மஞ்சுளா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த நெழல்ல காய் வருது. வெளிய கருகுது. பேனல் இருக்கட்டும்," என்றாள். பிறகு மேடத்தைப் பார்த்து, "மெஷின் நின்னா உங்களுக்கு போன்ல சேதி வருது இல்ல? எங்களுக்கு ஏன் வரல? சேத்துல நிக்கறது நாங்கதானே?" என்றாள்.

அந்த மாதமே ஷெட்டின் மேல் ஒரு சைரன் வைத்தோம். கசிவு என்று மெஷின் நின்றால் ஊருக்கே கேட்கும்படி அலறும். கம்பியெல்லாம் போய் நைலான் கயிறு வந்தது. எர்த் பட்டையை டில்லர் எட்டாத ஆழத்தில் புதைத்து, ஒன்றுக்கு இரண்டாகப் போட்டோம். அதைச் செய்தும் எனக்குப் பயம் போகவில்லை. மழைக்காலத்தில் வீட்டில் துணி காயப்போடும் கம்பியைக்கூடத் தொடமாட்டேன். என் மனைவி ஸ்டெல்லா ஆரம்பத்தில் சிரித்தாள், பிறகு அவளே கயிறு வாங்கிக் கட்டிவிட்டாள்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரம் முன்பு, பராமரிப்புக்காக அந்த நிலத்துக்குப் போயிருந்தேன். காலை நேரம், காய்ப்பு மும்முரம். வரிசைகளுக்குள் பெண்கள் பேசிக்கொண்டே பறித்துக்கொண்டிருந்தார்கள். நான் வரப்பில் கால் வைக்கும்போது சைரன் அலறியது.

காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். ஆனால் யாரும் ஓடவில்லை, கத்தவில்லை. பேச்சு மட்டும் நின்றது. எல்லோரும் கூடையை அப்படியே விட்டுவிட்டு, கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக வரிசையின் நடுவிலேயே நடந்து வந்தார்கள். முகங்கள் வெளிறிப்போயிருந்தன. கடைசியாக மஞ்சுளா வந்தாள், மடங்காத விரல்களை இன்னொரு கையால் பொத்திக்கொண்டு. வேலிக்கு வெளியே வந்ததும் திரும்பி நின்று எல்லார் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல் பதில் சொன்னது.

"உள்ள யாரும் இல்ல அண்ணா," என்றாள் என்னிடம். "நீங்க போய் பாருங்க. நிதானமா பாருங்க. நாங்க இங்கயே இருக்கோம்."